கல்யாணுக்கு அப்பால் ஒரு ஜாகை

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் மாதுங்கா, சயான், தாராவி, செம்பூர் ஆகிய சில பகுதிகளிலேயே தலைமுறைகளாகக் குடித்தனம் நடத்திப் பழகிவிட்டன. கோயிலும் கடையும் பள்ளியும் கூப்பிடு தூரத்தில் அமைந்த அவ்வாழ்வை விட்டு அகல எவருக்கும் மனம் வருவதில்லை. ஆயினும், பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு உயர்ந்த மாடங்கள் எழும் இக்காலத்தில், வாடகைக் குடித்தனக்காரருக்கு அங்கே மறுபடியும் இடம் கிடைப்பது அரிது. எனவே, அவர்கள் ரயில் பாதையை நோக்க வேண்டியவர்களாகின்றனர். 1853-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி போரிபந்தரிலிருந்து தாணா வரை 34 கிலோமீட்டர் தூரம் ஓடிய முதல் வண்டி, மறு ஆண்டே கல்யாணை எட்டிவிட்டது. நகரம் தாங்காத குடும்பங்களை அந்தப் பாதையே இன்றளவும் தாங்கி வருகிறது.

எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. நான் ரயில்வேயில் குமாஸ்தா. என் மனைவி சயானில் வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். பால் செலவும் மளிகையில் ஒரு பகுதியும் அவ்வருவாயில் நடக்கின்றன. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் தாயார். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தை ஜூன் மாதத்திற்குள் காலி செய்யவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ரயில்வே குடியிருப்புக்கான வரிசையில் என் பெயர் இருக்கிறது. ஆனால் வரிசைக்கு நம் அவசரம் தெரியாது. ஆகவே ஏப்ரல், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு ஊர்களைக் குடும்பத்துடன் சுற்றிப் பார்த்தோம். அவ்வாறு கண்டதை இங்கு எழுதுவது, இதே நிலையிலுள்ள அன்பர்களுக்கு உதவக்கூடும்.

கல்யாண் நிலையத்திற்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிகிறது. வடகிழக்கே கஸாரா சென்று தால் மலைத்தொடரில் ஏறுவது ஒன்று. தென்கிழக்கே கர்ஜத் சென்று போர் மலைத்தொடரில் ஏறுவது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதையே நாடினோம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் முதலிய நம்மூர் வண்டிகள் கல்யாணில் நின்று, அவ்வழியேதான் புனா நோக்கிச் செல்கின்றன. ஊரில் நல்லது கெட்டது என்றால் புறப்பட வேண்டிய நமக்கு அது ஒரு தைரியம்.

முதலில் போனது டோம்பிவிலி. போரிபந்தரிலிருந்து 48 கிலோமீட்டர். வேக வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். படித்த மராத்தியக் குடும்பங்கள் நிறைந்த ஊர். தீபாவளி காலையில் பட்கே சாலைப் பிள்ளையார் கோயில் பக்கம் இளைஞர் கூட்டம் அலைமோதும். இட்லி மாவு விற்கும் கடையையும் கும்பகோணம் டிகிரி காப்பி என்ற பலகையையும் கண்ட என் தாயார், அங்கேயே இருந்துவிடலாம் என்றார். ஆனால் நிலையத்தை ஒட்டிய ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டிற்குக் கேட்ட வாடகை எங்கள் கணக்கைக் கடந்தது. வாடகை குறைவாயிருந்த வீடுகளோ தொழிற்பேட்டைப் பக்கம் இருந்தன. 2016 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் அத்தொழிற்பேட்டையின் இரசாயனத் தொழிற்சாலைகளில் வெடிவிபத்து நேர்ந்து பல உயிர்கள் போயின. மலிவான வீடு என்று தரகர் சொன்னால், எதற்கு அருகில் என்று கேட்டுக்கொள்வது நலம்.

டோம்பிவிலிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. காலை வேளையில் அப்பாலிருந்து வரும் வண்டிகள் அங்கு வந்து சேரும்போதே வாயிற்படி வரை நிரம்பியிருக்கின்றன. 2025 ஜூன் 9-ந் தேதி, மும்ப்ரா அருகே, வாயிற்படியில் தொங்கிச் சென்ற பயணிகள் ஓடும் வண்டியிலிருந்து விழுந்து மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. எந்த ஊரானாலும், அங்கிருந்தே புறப்படும் லோக்கல் உண்டா, நம் அலுவல் நேரத்திற்கு அது பொருந்துமா என்பதைக் கால அட்டவணையில் பார்த்த பிறகே வீட்டைப் பார்க்கவேண்டும். டோம்பிவிலியிலிருந்து புறப்படும் வண்டிகளும் உள. என் அலுவல் நேரத்திற்கு அவை ஒத்துவரவில்லை.

இரண்டாம் ஞாயிறன்று ஒரேயடியாக நேரளுக்குச் சென்றோம். ஏறக்குறைய 86 கிலோமீட்டர். மாதேரான் மலைக்கு ஏறும் சிறு ரயில் 1907-ம் ஆண்டு முதல் அங்கிருந்துதான் புறப்படுகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வயலும் மலையும் கண்ணை நிறைக்கின்றன. காற்று சுகமாயிருந்தது; குழந்தை ஒரு கன்றுக்குட்டியை விட்டு வர மறுத்தாள். சயானில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் அங்கே மூன்று அறை கிடைக்கும். கிராமத்தில் குழந்தையை வளர்க்கவேண்டும் என்று ஆசைப்படுவோர்க்கு இதைவிட நல்ல இடம் இப்பாதையில் இல்லை.

ஆனால் கணக்கு வேறு விதமாய் இருந்தது. வண்டியில் மட்டும் ஒரு வழிக்கு இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. கல்யாணுக்கு அப்பால் வண்டிகளும் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். டோம்பிவிலியைக் காட்டிலும் ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 வேலை நாட்களுக்கு 50 மணி நேரம். அதாவது மாதத்தில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வண்டியிலேயே கழியும். மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டுப் புறப்படும் நான், குழந்தை உறங்கிய பின்னரே வீடு சேர்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தகப்பனைப் பார்க்கும் குழந்தைக்கு வயல்வெளி எத்துணை அழகாயிருந்தும் என்ன பயன்?

நேரளில் தரகர் ஒருவர், வாடகை எதற்கு, மனையாகவே வாங்கிப் போடலாமே என்று ஒரு நிலத்தைக் காட்டினார். இது நம்மவர் பலரை மயக்கும் பேச்சு. மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாத ஒருவர் பயிர்நிலம் வாங்குவதை 1948-ம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் தடுக்கிறது. கலெக்டரின் அனுமதி வேண்டும். அந்நிலத்தின் ‘ஸாத்-பாரா’ என்னும் ஏழு-பன்னிரண்டுப் பதிவேட்டு நகலை வாங்கி, உரிமையாளர் எவர், பயிர்நிலமா அன்றா என்று மராத்தி நன்கறிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. நாங்கள் நகல் கேட்டோம். தரகர் அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார்.

மூன்றாவது ஊர் பத்லாப்பூர், 68 கிலோமீட்டர். அக்காலத்தில் பயணிகள் களைத்த குதிரைகளை மாற்றிக்கொண்ட இடமாதலின் இப்பெயர் வந்ததென்று சொல்வதுண்டு. நாவற்பழத்திற்குப் பெயர்பெற்ற ஊர். புதிய கட்டடங்கள் வரிசை வரிசையாக எழுந்திருக்கின்றன. வாடகையும் கையைக் கடிப்பதில்லை. பத்லாப்பூரிலிருந்தே புறப்படும் வண்டிகளும் உண்டு. எனக்கு ஊர் பிடித்திருந்தது. ஆயினும் இரண்டு செய்திகள் எங்களைத் தயங்க வைத்தன.

முதலாவது, ஆறு. உல்ஹாஸ் நதி அவ்வூரின் அருகே ஓடுகிறது. 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த பிரளயத்தை மும்பைவாசிகள் அறிவர். 2019 ஜூலை 27-ந் தேதி பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலக்ஷ்மி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கி, ஆயிரத்திற்கு மேற்பட்ட பயணிகள் படகுகளில் மீட்கப்பட்டனர். கோடையில் ஆற்றைப் பார்ப்பவர்க்கு இது நம்பத்தகாததாகத் தோன்றும். தரகரைக் கேட்பதைவிட, தரைத்தளத்துக் கடைக்காரரை, ‘அந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது?’ என்று கேட்பது மேல். ஒரு மளிகைக்கடைக்காரர், கேட்டதும் எழுந்து, சுவரில் தம் தோளளவில் கையை வைத்துக் காட்டினார்.

இரண்டாவது, நிலையத்திலிருந்து வீட்டிற்குள்ள தூரம். எங்களுக்குக் கட்டுபடியான வீடு ஷேர் ஆட்டோவில் இருபத்தைந்து நிமிஷத்திற்கு அப்பால் இருந்தது. ஆட்டோவுக்கு வரிசையில் நிற்கும் நேரம் வேறு. ரயிலில் எட்டு கிலோமீட்டர் கூடுதலாகச் செல்வது பெரிதன்று. நிலையத்திற்கும் வாசற்படிக்கும் இடையிலுள்ள மூன்று கிலோமீட்டரே மனிதனைக் களைப்படையச் செய்கிறது. வீட்டு விளம்பரங்கள் இதனைச் சொல்வதில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்லாப்பூரின் அருகே பார்வி அணை இருக்கிறது. அணை அருகிலிருப்பதால் நம் வீட்டுக் குழாயில் நீர் வரும் என்பது நிச்சயமன்று. மே மாதத்தில் சென்று, நாளைக்கு எத்தனை மணி நேரம் வருகிறது, லாரித் தண்ணீர் வாங்கினார்களா என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டால் உண்மை தெரியும்.

கடைசியாகப் பார்த்தது அம்பர்நாத், 60 கிலோமீட்டர். கிழக்கே, வால்துனி ஓடைக்கரையில், சிலாஹார மன்னர் காலத்தில் கி.பி. 1060-ல் கட்டிய சிவாலயம். கருவறைக்குப் படிகளில் கீழே இறங்கிச் செல்லவேண்டும். தாயார் மெல்ல இறங்கி வணங்கிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் அதே ஓடையைக் கண்டு மனம் வருந்திற்று. ஆலைக்கழிவும் சாக்கடையும் கலந்து நீர் கறுத்துக் கிடக்கிறது. ஓடையை ஒட்டிய வீடுகளை நாங்கள் பார்க்கவில்லை.

மேற்கே படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. அப்பக்கத்துத் தெருவில், தொழிற்சாலை வேலைக்கு வந்த கணவருடன் இளம்வயதில் குடியேறிய தமிழ் மூதாட்டி ஒருவரைச் சந்தித்தோம். “ஏய்யா, அங்க நம்ம பேச்சுப் பேச ஒரு ஆள் உண்டுமா?” என்று முதல் நாளிலிருந்து என்னைக் கேட்டு வந்த தாயாருக்கு அங்கே விடை கிடைத்தது. இருவரும் பேசத் தொடங்கிய அரைமணியில் உறவுமுறை கண்டுபிடித்துவிட்டார்கள்.

என் மனைவியின் கேள்வி அதைவிடக் கடினமானது. “நீங்க எங்கே இருந்தாலும் அதே சம்பளம் வாங்குவீங்க. அங்கே நான் யாருக்குத் தைக்கிறது?” என்றாள். நாங்கள் ஆண்கள் இதை எண்ணுவதில்லை. சயானில் அவளுக்கு ஆறு வருஷமாகச் சேர்ந்த வாடிக்கைக்காரர் நாற்பது பேர். அவர்களில் எவரும் அம்பர்நாத்துக்கு வரப்போவதில்லை. ஆகவே அவள் தெருவில் தையற்கடைப் பலகைகளை எண்ணினாள். சேலைக்கு ஃபால் தைத்துக் கொடுக்கும் கடைக்குள் நுழைந்து, தனக்குத் தெரிந்த மராத்தியில் வெளிவேலை கேட்டாள். கடைக்காரர் ஒரு ரவிக்கையைத் தைத்துக் காட்டச் சொன்னார். மறுவாரம் கொண்டுபோய்க் காட்டினாள். நவராத்திரிக்கு முன்பே வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். வருவாய் பழைய நிலைக்கு வர ஒரு வருஷம் ஆகலாம். அதுவரை பாலைக் குறைப்பதில்லை, வேறு செலவைக் குறைப்பது என்று முடிவு செய்தோம்.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மும்பை மாநகராட்சி எல்லைக்குள் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. எல்லை தாண்டினால் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. 2020-ம் ஆண்டுச் சட்டப்படி மகாராஷ்டிரத்தில் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். அது நம் குழந்தைகளுக்கு நன்மையே. வாழும் ஊரின் மொழி தெரியாதவன் எங்கும் விருந்தாளியே. தமிழை வீட்டில் பாட்டி கற்பிக்கட்டும்.

அம்பர்நாத்தில், நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு வீடு பேசி முடித்திருக்கிறோம். ஒன்றே அறை, இரண்டாம் தளம். அங்கிருந்தே புறப்படும் காலை வண்டியொன்று என் அலுவலுக்குப் பொருந்துகிறது. மாலையில் எட்டு மணிக்கு வீடு சேரலாம். குழந்தை ஒன்பதுக்கு உறங்குவாள். எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வீட்டின் அளவு.

வீட்டை வாங்கவில்லை, பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கே எடுத்திருக்கிறோம். 1999-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அவ்வொப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்படவேண்டும். பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. புதிய வீடு வாங்க விரும்புவோர், 2017 முதல் நடைமுறையிலுள்ள மகா-ரேராவின் பதிவெண்ணைச் சரிபார்த்து, குடிபுகத்தக்கது என்ற நகராட்சிச் சான்று உண்டா என்றும் விசாரிப்பார்களாக. அதற்கு முன், எந்த ஊரானாலும் அங்கே ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்து பார்ப்பது உசிதம். தரகர் காட்டும் ஊர் ஞாயிற்றுக்கிழமை ஊர். நாம் வாழப்போவதோ ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை ஊர்.

சம்பாதிப்பவன் பகலெல்லாம் வண்டியிலும் அலுவலகத்திலும் கழிக்கிறான். அந்த ஊரில் உண்மையாகக் குடியிருப்பவர்கள் மனைவியும் குழந்தையும் முதியவர்களுமே. ஆகவே வீடு பார்க்கச் செல்லும் அன்பர்கள் அவர்களை உடனழைத்துச் செல்லவேண்டும். கடைத்தெருவில் அவர்களை முன்னே நடக்க விட்டு, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அந்த ஊர் என்ன விடை சொல்கிறது என்று கவனித்து, அதன் பின்னரே முன்பணத்தைக் கொடுக்கவேண்டும்.