மாட வீதியில் ஒரு குருகுலம்

மயிலாப்பூருக்கு வருகிற யாத்திரிகர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார்கள். கபாலீசுவரர் ஆலயத்தின் கிழக்குக் கோபுரம் 1906-ஆம் ஆண்டில் எழுந்தது. உயரம் 120 அடி. ஆகவே அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், குனிந்து பார்த்து நடந்தவர்கள் எத்தனை பேர்? தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில் மாட வீதிகள் எப்படி இருக்கும் என்பதை, இரண்டு மகானுபாவர்களின் பின்னால் நடந்து நாம் தெரிந்துகொண்டோம். ஒருவர் பெயர் பைரவன், மற்றவர் வாண்டு.

பைரவன் இராஜபாளையத்து ஜாதி. வெள்ளை மேனி, ரோஜா நிற மூக்கு. 2005-ஆம் வருஷத்தில் தபால் இலாகா நம் தேசத்து நாய்களுக்கென்று நான்கு தபால் தலைகள் வெளியிட்டபோது, இவன் குலத்துக்கும் ஒரு தலை கிடைத்தது. பனிப் பிரதேசத்து நாயைச் சென்னை வெயிலில் வளர்த்து, அது நாக்கைத் தொங்கவிட்டுத் தவிப்பதையே கௌரவமாக எண்ணும் அன்பர்களிடம் இதைச் சொல்ல நாம் தவறுவதில்லை. இப்போது அவனுக்கு வயது 11. கண்களில் புரை, காதும் சற்று மந்தம்.

வாண்டுக்குக் குலம் கோத்திரம் தெரியாது. ஒரு மழை நாளில் தெற்கு மாட வீதியின் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே கிடைத்தான். மூன்று மாதம் பூர்த்தியாகி, வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியும் மற்ற ஊசிகளும் முடிகிற வரையில் அவனை வாசற்படி தாண்ட விடவில்லை. பிறகுதான் குருகுலவாசம் ஆரம்பம்.

கோடையில் தார்ச் சாலை பாதத்தைச் சுட்டுவிடும். ஆகையால், சூரியன் ஏறுவதற்கு முன்பே யாத்திரை. நமது வீடு இராமகிருஷ்ண மடம் சாலைக்கு மேற்கே இருக்கிறது. எனவே, முதல் பாடமே சாலையைக் கடப்பது. ஓரத்துக்கு வந்ததும் பைரவன் உட்கார்ந்துவிடுவான். இருபுறமும் ஓசை அடங்கி, நாம் சங்கிலியை லேசாக அசைத்த பிறகே எழுவான். முதல் நாள் வாண்டு தாவிக் குதித்தான். குருவோ கல்லைப் போல் இருந்தார். இரு சங்கிலிகளும் ஒரே கையில் இருந்தபடியால், சிஷ்யன் வேறு வழியின்றி உட்கார நேர்ந்தது.

வடக்கு மாட வீதியில் இரண்டாவது பாடம், விளக்குக் கம்பம். நமக்குத் தினசரிப் பத்திரிகை எப்படியோ, நாய்க்குக் கம்பம் அப்படி. நேற்று யார் வந்தார், இன்று யார் போனார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். குரு நிதானமாக வாசிப்பார். சிஷ்யன் எட்டிப் பார்ப்பான். அவசரப்பட்டு இழுப்பது மகா பாவம். பிறர் கையிலிருக்கும் பத்திரிகையை நாம் பிடுங்குவோமா?

கிழக்கு மாட வீதியில் தெருநாய்களின் ராஜ்யம். இங்கே பைரவன் முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு, நேராகப் போகாமல் வளைந்து செல்வான். 'சண்டைக்கு வரவில்லை, ஐயா!' என்பது அதன் பொருள். பாஷை தெரிந்தவர்களுக்கு அது போதும். நாலைந்து நாளில் வாண்டும் வளைந்து நடக்கலானான். தெற்கு மாட வீதியில் கீரைக்காரி, "என்னா சாமி, கெழவருக்குச் சிஷ்யப் புள்ள வந்தாச்சா?" என்று விசாரித்தாள். பிறகு குளக்கரை ஓரமாக வீடு வந்து சேருவோம். கோயிலை வலம் வந்த புண்ணியம் மூவருக்கும் உண்டு.

குருவிடம் குற்றமும் இல்லாமற் போகவில்லை. கறுப்புக் குடையைக் கண்டால் பைரவனுக்கு ஆகாது, குரைத்தே தீருவான். காரணம் இன்றுவரை விளங்கவில்லை. ஒரே வாரத்தில் வாண்டும் குடையைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கினான். பெரியவர்கள் போதிக்காமலே குழந்தைகள் கற்றுக்கொள்வது இப்படித்தான். இதைக் கண்ட பிறகு, வீட்டில் குழந்தைகள் முன்னிலையில் நாம் பேசுகிற பேச்சைக் குறித்து நமக்கே சிறிது பயம் உண்டாயிற்று.

ஆவணியில் ஒரு காலை, பைரவனுக்குப் பின்னங்கால்கள் எழவில்லை. சங்கிலியைக் காட்டினோம். வாலை ஒருமுறை அசைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். வாண்டு அவன் பக்கத்திலிருந்து நகர மறுத்தான். தூக்கிக்கொண்டுதான் தெருவுக்கு வந்தோம்.

மனம் வீட்டிலே இருந்தது. சாலையோரம் வந்தது தெரியாமல் நாம் காலை எடுத்து வைத்தோம். சங்கிலி வெடுக்கென்று இழுபட்டது. திரும்பிப் பார்த்தால், எந்த இடத்தில் குரு உட்காருவாரோ அதே இடத்தில் வாண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கணத்தில், வரக்கூடாத திசையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் நமது வேஷ்டியை உரசிக்கொண்டு பறந்தது. கால்கள் நடுங்கின. அன்றைக்குச் சங்கிலியின் எந்த நுனியில் எஜமானர் இருந்தார் என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

வீடு திரும்பியதும் பைரவன் படுத்தபடியே வாண்டை மூக்கு முதல் வால் வரை முகர்ந்தான். நான்கு பாதங்களையும் தனித்தனியே பரிசோதித்தான். வடக்கு வீதியின் கம்பமும், கிழக்கு வீதியின் ராஜ்யமும், தெற்கு வீதியின் கொத்துமல்லிக் கட்டும், குளக்கரை ஈரமும் அங்கே இருந்திருக்க வேண்டும். முழுவதும் வாசித்து முடித்துவிட்டு, திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

வைத்தியர் மருந்து கொடுத்திருக்கிறார். இப்போது மூவரும் சாலையோரம் வரையில் மெள்ளப் போய் வருகிறோம். அங்கே வாண்டு உட்காருகிறான். அவனைப் பார்த்துப் பைரவன் உட்காருகிறான். மயிலைக்கு வருகிற நேயர்கள் கோபுரத்தைத் தரிசித்த பிறகு, கொஞ்சம் குனிந்தும் பார்க்கட்டும்.