பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு கிலோமீட்டர்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அரசு மருத்துவமனைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று தெருமுனைக் கூட்டங்களில் பேசியவர்கள் நாங்கள். துண்டறிக்கையும் கொடுத்திருக்கிறோம். வலி எங்கள் வீட்டுக்குள் வந்த இரவு, ஆட்டோக்காரரிடம் நாங்கள் சொன்னது ஒரு தனியார் மருத்துவமனையின் பெயரை.

அது ஒரு சனிக்கிழமை. காலையில் இணையருக்குத் தொப்புளைச் சுற்றி வலி. வாயு என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினோம். மாலைக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. வாந்தி, காய்ச்சல். இரவு பத்து மணிக்கு அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். நாங்கள் போன இடம் ஐந்து கிலோமீட்டர். படுத்திருந்தவர் ஒருவர், வெளியே உட்கார்ந்திருந்தவர் ஒருவர் என்றாலும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். முடிவு இருவரும் சேர்ந்து எடுத்தது.

ஏன் அங்கே போனோம்? தரத்துக்காக என்று சொன்னால் பொய். இரண்டு இடத்திலும் யார் நன்றாக அறுப்பார்கள் என்று எங்களுக்கு என்ன தெரியும்? மரியாதைக்காகப் போனோம். ஜி.எச். என்றதும் எங்கள் இருவருக்கும் நினைவில் வருவது ஒரே காட்சிதான். கையில் சீட்டோடு நிற்கும் அம்மாவை, அவர் பிள்ளை வயதுள்ள ஒருவர் "ஏம்மா, அறிவில்ல? தள்ளி நில்லு" என்று அதட்டுவது. சேரியில் பிறந்த யாரைக் கேட்டாலும் இப்படி ஒன்றாவது சொல்வார்கள். படித்து, வேலைக்குப் போய், ஒரு வாடகை வீட்டுக்காக எட்டு வாசல் ஏறி இறங்கிய பிறகு, "வாங்க சார், உட்காருங்க மேடம்" என்ற சொல்லைக் காசு கொடுத்தாவது கேட்கத் தோன்றுகிறது. சொந்தக்காரர்களும் விடமாட்டார்கள். "ரெண்டு பேரும் எம்.ஏ. படிச்சிட்டு ஜி.எச்.லயா போட்டீங்க?"

"உட்காருங்க" கிடைத்தது. ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் அழற்சி, உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். படிவம் நிரப்பிய பெண் ஊர்ப் பெயரைக் கேட்டார். சொன்னோம். "ஊரா, காலனியா?" என்றார். முகவரிக்காகத்தான் கேட்டாராம். அதற்குப் பிறகு முன்பணம் 40,000 ரூபாய் என்றார், மொத்தம் ஒன்றேகால் லட்சம் வரை ஆகும் என்றார். காப்பீட்டு அட்டை? இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. எங்கள் தொண்டு நிறுவனச் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும், ஆனால் இந்த மாதிரி மருத்துவமனையின் கல்லாவை எட்டாது. எல்லோரிடமும் 40,000 தான் கேட்பார்களா, 'காலனி' என்றதால் கேட்டார்களா என்று எங்களால் நிரூபிக்க முடியாது. சாதி ரசீது போட்டுக் கொடுப்பதில்லை.

வலிக்கு ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார்கள். பணம் கட்டினால் சர்ஜன் வருவார். அடகுக்கடை திறக்காத நேரம். தோழர்களிடமிருந்து ஜிபேயில் ஐநூறும் ஆயிரமுமாக வந்து, விடியற்காலை நான்கு மணிக்கு 23,000 சேர்ந்தது. அப்போது ஒரு தோழர் போனில் கத்தினார்: "அங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க? ஜி.எச்.ல ராத்திரி பகல் ஆபரேஷன் நடக்குது!" ஸ்கேன், ஊசி, கட்டில் என்று 7,800 கட்டிவிட்டுக் கிளம்பினோம்.

ஜி.எச். வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் 200 ரூபாய் கேட்டார். கொடுத்தோம். லஞ்சத்துக்கு எதிராகவும் நாங்கள் பேசியிருக்கிறோம்.

எட்டரை மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. வெளியே வந்த சர்ஜன் கோபப்படாமல்தான் சொன்னார்: "நேத்து ராத்திரியே வந்திருந்தா மூணு நாள்ல வீட்டுக்குப் போயிருக்கலாம்." ஒன்பது நாள் ஆனது. வயிற்றில் குழாய், வேளை தவறாமல் ஊசி. ஒரு மருந்தைக்கூட வெளியே எழுதிக் கொடுக்கவில்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்பும் மருந்துகள்தான் எல்லாம். மருத்துவச் செலவு ஏழைக் குடும்பத்தை எப்படிக் கடனில் தள்ளுகிறது என்று சமூகவியல் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள், அந்த ஊசிப் புட்டிகளை எண்ணிப் பார்த்தபோதுதான் அந்தப் பாடத்தைப் படித்தோம்.

தையலைப் பார்க்க வந்த பயிற்சி மருத்துவர், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பையன், ஊர் எது என்று கேட்டார். நாங்கள் கொஞ்சம் விறைத்துப் போனோம். அவரே சிரித்துக்கொண்டு, "எங்க வீடும் காலனியிலதான்கா" என்றார். தாழ்த்தப்பட்டோருக்கு 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் என்ற இடஒதுக்கீடு எங்களுக்கு எப்போதும் ஒரு கணக்காகவே இருந்தது. அன்று அது கையுறை போட்டு, வலிக்காமல் பிளாஸ்திரியைப் பிரித்தது. தனியார் மருத்துவமனை ஆள் எடுக்கும்போது அந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

இதோடு நிறுத்திவிட்டால் ஜி.எச்.சுக்கு விளம்பரம் எழுதியது போல ஆகிவிடும். மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டில் பாட்டியை நர்ஸ் ஒருவர், "குளிச்சிட்டு வர மாட்டீங்களா, இந்த நாத்தம் நாறுது" என்றார். எங்கள் ஆள் படுத்தபடியே சண்டை போட்டார். அடுத்த நாளிலிருந்து அந்த நர்ஸ் எங்களை "மேடம்" என்றார். பாட்டி "ஏய்" ஆகவே இருந்தார். மரியாதைக்கு அங்கேயும் விலை உண்டு. அங்கே அதை இங்கிலீஷில் கட்டலாம், அவ்வளவுதான்.

பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்க முடியாது. இணையரின் அம்மா உள்ளே, மற்றவர் வராந்தாவில். துண்டு விரித்துப் படுத்திருந்த ஆண்களில் பலர் எங்களைப் போலவே முதலில் வேறு எங்கோ போய்விட்டு வந்தவர்கள். "ஆடு வித்த காசு ஸ்கேனுக்கே போச்சு தம்பி, காசு தீந்ததும் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார் ஒரு பெரியவர்.

அந்த வராந்தாவை இரவுப் பணியில் துடைத்த அக்காவை இரண்டாம் நாளே தெரிந்துகொண்டோம். எங்கள் ஊருக்கு நான்காவது ஊர். ஒப்பந்த வேலை, கையில் வருவது பத்தாயிரத்துக்கும் கீழே. ரத்தம், சீழ், மலம் எல்லாம் அவர் கைதான் எடுக்கிறது, ஆனால் வார்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தால் படிக்கட்டில் குந்தித்தான் குடிப்பார். பேச்சுவாக்கில், மகளின் பிரசவத்துக்கு வட்டிக்கு வாங்கித் தனியாரிடம் போனதாகச் சொன்னார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கேயே வேலை செய்துகொண்டு, ஏன் அக்கா?

"பிள்ள பெத்துக்க வர்ற பொண்ணுங்கள என்னா பேச்சு பேசுறாங்கன்னு தெனமும் காதால கேக்குறேன் தம்பி. நான் கூட்டிப் பெருக்குற எடத்துல எம்பொண்ணும் அந்தத் திட்ட வாங்கணுமா?" அந்தக் கடன் இன்னும் அடையவில்லை.

நல்ல டாக்டர், இலவச மருந்து, தனியாரின் கொள்ளை என்று எங்களிடம் ஒரு மேடைப் பேச்சே தயாராக இருந்தது. அக்காவிடம் அதில் ஒரு வரியும் எடுபடாது. அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் சனிக்கிழமை இரவுக்கும் அதே காரணம்தான்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில் இல்லை. ஆட்டோ, சாப்பாடு, தேநீர், அந்த 200 எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். நர்ஸ் பேசியதைப் பற்றியும், ஒப்பந்தத் தொழிலாளர் சம்பளம் பற்றியும் மருத்துவமனைத் தலைவருக்கு இரண்டு மனு எழுதிக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

போன வாரம் அக்கா போன் செய்தார். மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள், தை மாதம் பிரசவம், எங்கே சேர்க்கலாம் என்று கேட்டார். ஜி.எச்.தான் அக்கா என்றோம். வலி எடுத்ததும் கூப்பிடுங்க, நாங்க ரெண்டு பேரும் வந்து கூட நிக்கிறோம், ஒரு வார்த்தை தப்பாப் பேச விடமாட்டோம் என்றோம்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "நீங்க மொதல்ல எங்க தம்பி போனீங்க?"