அந்தக் கைநாட்டு

அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 21 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். 11 வருடத்துக்கு முன் நான் செய்த ஒரு காரியத்தை இன்று சொல்லிவிடுகிறேன். பழியை டாக்டர் மேலும் மேலதிகாரி மேலும் போடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியது என் கைதான்.

செங்கல் சூளையில் வேலை செய்தவள். இரண்டாவது பிரசவம். ராத்திரி 2 மணி. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலியில் கத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் காப்பர் டி ஒப்புதல் படிவத்தை நீட்டினேன்.

"என்னக்கா இது?"

"எல்லாரும் வைக்கிறதுதான் கண்ணு. கையை வை."

சூளை வேலையில் தேய்ந்த விரல். ரேகை விழவில்லை. மறுபடியும் மையில் தோய்த்து அழுத்தினேன். நஞ்சு விழுந்த 10 நிமிடத்துக்குள் காப்பர் டி வைத்தாயிற்று.

காப்பர் டி நல்ல சாதனம்தான். 380ஏ வகை 10 வருடம் வரை கர்ப்பத்தைத் தடுக்கும். ஆனால் முதல் சில மாதங்களில் தீட்டு அதிகமாகலாம், அடிவயிறு வலிக்கலாம், நழுவி வெளியே வரலாம், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இதையெல்லாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாதக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு வைத்தீர்கள் என்று கணக்குக் கேட்பார்கள். அந்த ராத்திரி வேலையும் கழுத்துவரை இருந்தது. ஆனால் அதெல்லாம் சாக்கு.

அதே ராத்திரி பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளி ஆசிரியை. அவரிடம் வலி வலுக்கும் முன்பே உட்கார்ந்து பேசினேன். வீட்டுக்காரரையும் கூப்பிட்டு விளக்கினேன். வேண்டாம் என்றார். "சரிங்க மேடம்" என்று எழுதிக்கொண்டேன். அவருக்குக் கிடைத்த நேரம் சூளைக்காரிக்கு ஏன் கிடைக்கவில்லை? கேட்க மாட்டாள், எதிர்த்துப் பேச மாட்டாள் என்று நினைத்தேன். அதுதான் உண்மை.

5 மாதம் கழித்து வந்தாள். நிற்காத உதிரப்போக்கு. வெளியே ஸ்கேன் எடுத்த பிறகுதான் உள்ளே ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரைக் கேட்டு வைத்துக்கொண்டாய் என்று வீட்டில் அடி. "எனக்கே தெரியாதுன்னா ஒருத்தரும் நம்பலக்கா. அவரு வெளியில உக்காந்திருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

நான் கேஸ் ஷீட்டைத் திறந்தேன். "கைநாட்டு வச்சிருக்கியேம்மா" என்றேன்.

அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அன்றே காப்பர் டியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

இப்போது வலி தொடங்கிய பெண்ணிடம் எந்தப் படிவத்தையும் நீட்டுவதில்லை. ஏழாம் மாதத்திலேயே தாயோ மாமியாரோ கூட இருக்க, பையிலிருந்து ஒரு காப்பர் டியை எடுத்துக் கையில் கொடுத்துப் பேசுகிறேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் அதையே எழுதுகிறேன், எண்ணிக்கை குறைந்ததென்று திட்டு வாங்கினாலும். நோயாளிக்காகப் பேசுவது என் வேலையில் பாதி என்று இளைய நர்ஸுகளுக்குச் சொல்லியும் தருகிறேன்.

ஆனால் அன்று அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. "தப்பு அவ மேல இல்லீங்க, நான்தான் சொல்லாம வச்சிட்டேன்." கணவன் உட்கார்ந்திருந்த பெஞ்சு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.