தங்கம் போன வழி

சர்வதேச அரசியல் என்றால் தூதர்கள், ஒப்பந்தங்கள், போர்கள் என்கின்றன பாடப் புத்தகங்கள். கோட்பாடுகள் யாருக்குப் பயன்படுகின்றன என்று 1981-ல் கேட்டார் கனடா அறிஞர் ராபர்ட் காக்ஸ். அந்தக் கேள்வியோடு கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகள் முன் நின்றால் வேறு பாடம் கிடைக்கும்.

1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், சுரங்கத்தில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சுரங்க இயந்திரங்களுக்காக. தங்கம் லண்டனுக்குப் போனது. தூசி தொழிலாளியின் நுரையீரலில் தங்கியது.

1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. ஆனால் 1991-ல் அன்னியச் செலாவணி கரைந்தபோது சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பித்தான் இந்தியா கடன் வாங்கியது. ஆட்சி மாறியிருந்தது, அடகுக்கடை மாறவில்லை. 2024-ல் ரிசர்வ் வங்கி அங்கிருந்து 100 டன்னுக்கும் அதிகமான தங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

தங்கவயலுக்கு எதுவும் திரும்பவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். காக்ஸின் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருடைய கேள்வி தெரியும்.