கிளையின் பெயர்

குசினி கழுவி முடியச் சாமம் பன்னிரண்டரை. ரெஸ்ரோறன்ற் பின்கதவடியில், வெறும் மரக்கறிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு நாங்கள் ஆறுபேர் குந்தியிருந்தோம். 'பென்' என்ற சர்வதேச எழுத்தாளர் அமைப்பிடம் கிளையொன்று கேட்டுக் கடிதம் எழுதுவது நோக்கம். கிளையின் பெயர் எழுதவேண்டிய இடத்தில் பேனை நின்றுவிட்டது.

இலங்கை என்றால் ஒருவருக்குக் கசந்தது. ஈழம் என்றதும் மலையகத்து நண்பர், "அப்ப நான் எங்க நிக்கிறது?" என்றார். சுவிஸ் என்றால் எங்களுக்கே சிரிப்பு. வருடாவருடம் விசா புதுப்பிக்கிறவர்கள் நாங்கள்.

பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவந்த பழக்கதோசம், வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1921இல் லண்டனில் தொடங்கிய அமைப்பு அது. 1922இலேயே கட்டலான் மொழிக்குக் கிளை இருந்திருக்கிறது. 1927இல் தனக்கென நாடில்லாத இத்திஷ் மொழிக்கும் ஒன்று. ஹிட்லரிடமிருந்து தப்பிய ஜெர்மன் எழுத்தாளர்கள் 1934இல் புகலிடத்திலேயே தங்கள் கிளையை அமைத்தார்கள். தலைவர் ஹைன்ரிஷ் மான். இந்தச் சுவிசுக்குள்ளும் மொழிவழியாக மூன்று கிளைகள்.

நாடு வேண்டாம், மொழி போதும் என்று மகிழ்ந்துபோய்த் 'தமிழ்' என்று எழுதினோம். அதுவரை பேசாதிருந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம் நண்பர் கேட்டார்: "இந்தத் தமிழுக்குள்ள நானும் இருக்கிறனோ?"

1990 ஒக்டோபரில் அவர் குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்தியபோது எங்கள் பெற்றோர் வாய்திறக்கவில்லை. அவரோடு ஒரே குசினியில் நான்கு வருடம் வேலைசெய்த நாங்களும் இதுவரை அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

கடிதத்தை மடித்து வைத்தோம். முதலில் அவருக்குப் பதில் சொல்லவேண்டும்.