காவடிப் பாதையில் ஒரு கிடார்

2025 பிப்ரவரி 3, திங்கள்

சந்தை நாள். காரைக்குடிக்குள் வண்டி நகரவே இல்லை. ஒருவழியாகக் குன்றக்குடி ரோட்டுப் பந்தலில் குழாய் ஸ்பீக்கர், பேஸ் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர் எல்லாம் இறக்கியாயிற்று. பழனிக்கு நடப்பவர்கள் இரண்டு பேரும் மூன்று பேருமாக வரத் தொடங்கிவிட்டார்கள். தைப்பூசம் 11ஆம் தேதி. அதுவரை மோரும் சோறும் பந்தல்காரர்கள் பொறுப்பு, பாட்டு என் பொறுப்பு.

சாயங்காலம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்தான். பென் டிரைவை நீட்டி, "மாமா, இதையும் சேத்துக்கங்க. முருகன் பாட்டுத்தான்" என்றான். யார் பாடியது என்றேன். சுசீலா என்றான். நம்மிடம் இல்லாத பி. சுசீலாம்மா பாட்டா என்று சொருகினேன். வந்தது வேறு சுசீலா. கிடார் உறுமுகிறது, மேளம் இடிக்கிறது, நடுவில் ஒரு பெண் குரல் முருகனைக் கூப்பிடுகிறது. காய் அரிந்துகொண்டிருந்த பெண்கள் அரிவாள்மனையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாப்பிள்ளை சொன்னதை எழுதி வைக்கிறேன். பெயர் சுசீலா ராமன். 1973-இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்கள். சின்ன வயதிலேயே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. வீட்டில் கர்நாடக சங்கீதப் பாடம். வளர்ந்தபின் சிட்னியில் ராக், ப்ளூஸ் பாட ஆரம்பித்திருக்கிறார். 1995-இல் இந்தியா வந்து ஸ்ருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி பயின்றார். பிறகு லண்டன் திரும்பி, கிடார்க்காரர் சாம் மில்ஸோடு சேர்ந்தார். மில்ஸ் அதற்கு முன்பே வங்காளத்து பாவுல் நாடோடிப் பாடகர் பாபன் தாஸோடு 'ரியல் சுகர்' என்ற ஆல்பம் போட்டவர். நம் பாட்டின் குறுக்கே கிடார் எங்கே போக வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்று தெரிந்த கை.

"அந்தக் காலத்துல வெளிநாட்டுப் பிள்ளைங்க பாட்டு வகுப்போட விட்டுருவாங்க மாமா. இவங்க விடல" என்றான். அவ்வளவுதானா என்று கேட்டேன். விடாமல் இருப்பது பெரிய காரியம்தான். ஆனால் வகுப்பில் படித்ததை அப்படியே மேடையேற்றுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர். இவர் வேறு ஏதோ செய்திருக்கிறார்.

பிப்ரவரி 6, வியாழன்

மதியம் பந்தலில் கூட்டம் குறைவு. முதல் ஆல்பம் 'சால்ட் ரெயின்' முழுக்கக் கேட்டேன். 2001-இல் வந்தது. தியாகராஜரின் 'நகுமோமு' இருக்கிறது. டிம் பக்லி என்ற அமெரிக்கரின் பாட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒரே குரலில், ஒரே மூச்சில் பாடுகிறார். சங்கீதப் பாட்டுக்கு ஒரு முகம், இங்கிலீஷ் பாட்டுக்கு ஒரு முகம் என்று மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த ஆல்பம் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் இடம் பிடித்தது. ரேடியோஹெட் போன்ற பெரிய குழுக்கள் இருந்த பட்டியல் அது. பரிசை அறிவித்த நாள் 2001 செப்டம்பர் 11. வென்றவர் ராக் பாடகி பி.ஜே. ஹார்வி. அவர் அன்று வாஷிங்டனில் இருந்தார். பென்டகன் எரிவதை ஓட்டல் அறையிலிருந்து பார்த்தவர், போனிலேயே பரிசை ஏற்றுக்கொண்டார். அன்று பாட்டுச் செய்தியை யார் படித்திருப்பார்கள்? அடுத்த வருடம் பிபிசி ரேடியோ 3 இவருக்குச் சிறந்த புதுமுகம் விருது கொடுத்தது. விருதின் பெயர் 'உலக இசை'. கிடார் வைத்து ராக் பாடினாலும், நடுவில் நம் மொழி வந்தால் கடையில் அலமாரியே மாறிவிடுகிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

கொப்புடையம்மன் கோவிலுக்குப் போய்விட்டுப் பந்தலுக்கு வந்தேன். இன்று 2007-இல் வந்த ஆல்பம். அதன் பெயர் கண்டதும் மனசில் ஒட்டிக்கொண்டது: '33 1/3'. எல்.பி. தட்டு ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று. அப்பா காலத்து ப்ளேயரில் 78, 45, 33 என்று திருகு இருக்கும். முழுக்க அடுத்தவர் பாட்டுகளை எடுத்துத் தன் போக்கில் பாடியிருக்கிறார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாட்டு ஒன்றும் உண்டு. ஹென்ட்ரிக்ஸ் கிடாரை அலறவிட்ட இடத்தில் இவர் குரலையும் தபேலாவையும் வைக்கிறார்.

தட்டு என்றதும் ஏ.வி.எம். ஞாபகம். எங்கள் ஊர் மெய்யப்ப செட்டியார் கிராமபோன் தட்டு விற்றுத்தான் தொழிலுக்குள் வந்தார். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்த 'நாம் இருவர்' 1947-இல் வந்தது. அதில் பாரதி பாட்டைப் பாடியவர் டி.கே. பட்டம்மாள். சினிமா வந்தபின் தட்டுக்கென்றே பாடுகிற வழி நம் பக்கம் மெல்ல அடைபட்டது. பாட்டு என்றால் சினிமாப் பாட்டு, இல்லாவிட்டால் சாமி பாட்டு. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி வயிறு வளர்க்க மூன்றாவது வாசல் கிடையாது.

பிப்ரவரி 8, சனி

இன்று கூட்டம் நெருக்கியடித்தது. முதல் நாள் போட்ட 'வேல்' ஆல்பத்தை மறுபடி போட்டேன். 2011-இல் வந்தது. இதற்கு முன் தமிழ்நாட்டில் பல காலம் சுற்றியிருக்கிறார். கோவை கமலாவிடம் முருகன் பாட்டு கேட்டுப் பழகியிருக்கிறார். கமலாவின் கேசட் என்னிடமும் இருந்தது. கச்சேரி சுத்தம் பார்க்காத குரல், தெருவில் நிற்பவனையும் இழுக்கும் குரல்.

அதில் 'பால்' என்ற பாட்டைக் குழாயில் போட்டுக் காவடிப் பாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். குழாய் ஸ்பீக்கருக்கு அடிச்சத்தம் பிடிக்காது. நடுச்சத்தம்தான் நன்றாக ஏறும், தூரமும் போகும். காவடிப் பாட்டு பாடுகிறவர்கள் அதற்கேற்றபடி தொண்டையை விட்டே பாடுவார்கள். ஒரே அடி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கூடும், கூட்டம் எதிர்ப்பாட்டுக் கொடுக்கும். அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்கு எழுதிய காவடிச் சிந்திலேயே கால் நடக்கிற கணக்கு இருக்கிறது. ராக் பாட்டிலும் இதேதான்: கிடார் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், டிரம்ஸ் ஏற்றிக்கொண்டே போகும், கூட்டம் கத்தும். சுசீலா ராமன் இங்கே புதிதாக எதையும் ஒட்டவில்லை. இரண்டிலும் ஒரே வேலை நடப்பதைக் கேட்டுவிட்டார். பத்து வருடம், நாலு ஆல்பம் கடந்துதான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எதிர்ப்பும் வந்தது. வருடா வருடம் நடக்கிற பெரியவர் ஒருவர் காலில் பற்றுப் போட்டுக்கொண்டே, "தம்பி, சாமி பாட்டுக்கு எதுக்குப்பா இந்த உறுமல்? உச்சரிப்புலயும் வெளிநாட்டு வாடை அடிக்குது" என்றார். உச்சரிப்பில் அவர் சொன்னதை மறுக்க முடியாது. உறுமல் பற்றி, "உடுக்கை உறுமலையா அப்பச்சி?" என்று கேட்டேன். சிரித்தார். பிறகு, "சத்தத்தக் கொஞ்சம் கொறச்சுப் போடு" என்றார். அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன்.

பின்னால் வந்த மதுரைக் கல்லூரிப் பையன்கள் அதே பாட்டுக்கு ஆடினார்கள். யார் பாடியது என்று ஒருவனும் கேட்கவில்லை. காவடிப் பாட்டுக்கு அது குறையில்லை. பாடுகிறவருக்கு அது சோற்றுப் பிரச்சனை. இரவு 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியபின் மாப்பிள்ளையிடம் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

அவன் கதை தொடர்ந்தான். 2014-இல் 'குவீன் பிட்வீன்'. கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் உறவினர்களான ரிஸ்வான், முவஸ்ஸம் சகோதரர்களின் கவ்வாலிக் குழுவோடும் ராஜஸ்தான் கலைஞர்களோடும் பாடியது. 2018-இல் 'கோஸ்ட் கேமலான்', ஜாவாத் தீவின் வெண்கல வாத்தியங்களோடு. இவற்றுக்கெல்லாம் முன்பே மீரா நாயரின் 'தி நேம்சேக்' படத்தில் இவர் பாட்டு வந்தது. மற்றபடி வெளிநாட்டு விழா மேடைகளும் சுற்றுப்பயணமும்தான் பிழைப்பு.

நம் ஊரில் மட்டும் மூன்றாவது வாசல் திறந்துவிட்டதா என்றேன். "பாதி திறந்திருக்கு மாமா" என்றான். 2018-இல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து எடுத்த பெயர், கானாவும் ராக்கும் ராப்பும் கலந்த பாட்டு. 2021-இல் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' படம் எதிலும் இல்லாமலே ஊரெல்லாம் ஒலித்தது. கல்யாண வீடுகளில் நானே எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். ஆனாலும் தனியாகப் பாடுகிறவர்களில் பலர் கடைசியில் சினிமா வாசலில்தான் நிற்கிறார்கள். அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அரிசி வாங்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

பந்தல் காலி. நடந்தவர்கள் பழனி சேர்ந்திருப்பார்கள். வயரைச் சுருட்டி, கணக்கு முடித்து, வாடகையும் வாங்கியாயிற்று.

இந்த அம்மாவைப் பற்றி என் தீர்ப்பு இது. சங்கீதக்காரர்கள் இவரிடம் சுத்தம் தேடுவார்கள், ராக் ரசிகர்கள் புரியாத மொழி என்று நகர்வார்கள், வெளிநாட்டுக் கடைக்காரர் 'உலக இசை' என்று எழுதி ஒட்டுவார். மூன்று பேரும் பாட்டைத் தவறவிடுகிறார்கள். முருகன் பாட்டின் முரட்டுத்தனத்தை மழுக்காமல் ராக் மேடைக்குக் கொண்டுபோனதுதான் இவர் செய்த வேலை, அதைச் சரியாகவே செய்திருக்கிறார். லண்டனில் கேட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் நாம்தான் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

கேட்க நினைப்பவர்கள் 'வேல்' ஆல்பத்தில் தொடங்குங்கள், பிறகு 'சால்ட் ரெயின்' கேளுங்கள். காதில் செருகும் கருவியில் வேண்டாம். பெரிய ஸ்பீக்கரில், நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் போடுங்கள். அடுத்த பூசத்துக்கும் பந்தல் பட்டியலில் இந்தப் பாட்டு இருக்கும்.