பன்னிரண்டு வீடு, எட்டுக் கையெழுத்து

இங்கே எழுதி நாலு மாசமாச்சு. ஆணி அதிகம்னு சொன்னா நம்பமாட்டீங்க. உண்மையைச் சொல்லிடறேன். எங்க அபார்ட்மெண்டை இடிக்கிறதா வேண்டாமாங்கிற பஞ்சாயத்துல போச்சு நாலு மாசம். சனி ஞாயிறுன்னா மொட்டை மாடி மீட்டிங், மத்த நாள்ல வாட்ஸப் சண்டை. இப்ப யாராவது என்கிட்ட எஃப்.எஸ்.ஐ. பத்திக் கேட்டா நிறுத்தாம அரை மணி நேரம் பேசுவேன். (தங்கமணி, "இதையெல்லாம் என்கிட்ட சொல்லாதீங்க, போய் பிளாக்ல எழுதுங்க"ன்னு துரத்திவிட்டதன் விளைவுதான் இந்தப் பதிவு. பழியை அங்கே போடவும்.)

இடம் மேற்கு மாம்பலம். 1984ல கட்டினது. தரைத்தளம், மேல ரெண்டு மாடி, பன்னிரண்டு வீடு, மூணு கிரவுண்டு நிலம். லிஃப்ட் கிடையாது. வாசல்ல ஒரு வேப்பமரம், அதுக்கடியில இஸ்திரி வண்டி. அப்பா பி.எஃப். காசைப் போட்டு வாங்கின வீடு. இப்ப அம்மா மட்டும் அங்கே இருக்காங்க, நாங்க வேலைக்காக ரெண்டு பஸ் தள்ளி இருக்கோம்.

போன ஐப்பசி மழையில ஒரு ராத்திரி, அம்மா கட்டிலுக்கு மேல இருந்து காரை பெயர்ந்து விழுந்தது. டி.வி. பார்த்துக்கிட்டே ஹால் சோபாவுல தூங்கிட்டதால தப்பிச்சாங்க. காலையில போய்ப் பார்த்தேன். தலையணை மேல ஒரு முறம் அகலத்துக்கு சிமெண்ட் பாளம். மேலே பார்த்தா துருப்பிடிச்சு உப்பின கம்பி. இஞ்சினியர் வந்து சுத்தியலால தட்டித் தட்டிப் பார்த்தார். பாதி இடத்துல வெறும் பானையைத் தட்டின மாதிரி சத்தம். "பூசலாம் சார், ஆனா தூண்லயும் ஆரம்பிச்சிருச்சு. எத்தனை வருஷம் தாங்கும்னு என்னால எழுதித் தர முடியாது"ன்னுட்டார்.

அதனால, இதுல வில்லன் யாரும் இல்லைங்கிறதை முதல்லயே சொல்லிடறேன்.

அடுத்த வாரமே ஒரு பில்டர் வந்துட்டார். (எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்காதீங்க. கல்யாணத் தரகருக்குத் தெரியற மாதிரிதான்.) எங்க ஹால்ல உட்கார்ந்து, காபி ஆறறதுக்குள்ள கால்குலேட்டர்ல போட்டுக் காட்டினார். நிலம் 7200 சதுர அடி. இப்ப நிக்கிற கட்டடம் 10,800, அதாவது நிலத்தைப் போல ஒன்றரை மடங்கு. ரொம்ப வருஷமா சாதாரணக் கட்டடத்துக்கு இந்த ஒன்றரைதான் வரம்பு. 2019ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை ரெண்டாக்கிடுச்சு. ஆக, 14,400 கட்டலாம். அதுக்கு மேல தெரு அகலத்தைப் பொறுத்து அரசுக்குக் காசு கட்டி இன்னும் கொஞ்சம் வாங்கலாம். அதுக்குப் பேர் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. எங்க பழைய அளவை எங்களுக்கே திருப்பிக் கட்டிக் கொடுத்துட்டு, மிச்சத்தை அவர் வித்துக்குவார். எங்களுக்கு நயா பைசா செலவில்லை. கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகையும் தர்றார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஒன்றரைங்கிறது ரெண்டாச்சுங்கிற ஒரே காரணத்துக்காக, இந்த ஊர்ல முப்பது நாப்பது வருஷமான ஒவ்வொரு அபார்ட்மெண்ட் ஹால்லயும் இப்படி ஒருத்தர் உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டிருப்பார். நகரத் திட்டமிடல்னா பெரிய மேஜையில வரைபடத்தை விரிச்சு, பூங்கா இங்கே, பள்ளிக்கூடம் அங்கேன்னு கோடு போடறதுன்னு நினைச்சிட்டிருந்தேன். எங்க தெருவுக்கு அது ஒரு பெருக்கல் கணக்கா வந்து சேர்ந்திருக்கு.

கோடு போட்ட காலமும் இருந்துச்சு. ரயில்வே லைனைத் தாண்டினா தி.நகர். 1920களில் அந்த நீளமான மாம்பலம் ஏரியை வத்தவச்சு உண்டாக்கின ஊர் அது. நடுவுல பனகல் பார்க், அதுல இருந்து பிரியற ரோடுகள், நடேசன் பார்க்குன்னு யாரோ உட்கார்ந்து யோசிச்சு வரைஞ்சிருக்காங்க. ஏரியைத் தூர்த்தது பாவம்தான், இல்லைங்கலை. எங்க பக்கத்துக்கு அந்தப் பாவத்துல பங்கு உண்டு, பார்க்குல பங்கு கிடைக்கலை. எங்க ஏரியாவுல லேக் வியூ ரோடுன்னு ஒரு ரோடே இருக்கு. லேக்கும் கிடையாது, வியூவும் கிடையாது. ஆனா மழைத்தண்ணிக்கு அந்தப் பேர் இன்னும் ஞாபகம் இருக்கு போல. 2015 டிசம்பர்லயும் 2021 நவம்பர்லயும் சரியா தன் பழைய வீட்டைத் தேடிக்கிட்டு வந்து நின்னுச்சு.

பன்னிரண்டு குடும்பம் இருந்த இடத்துல இருபது வரும். பக்கத்துக் கட்டடமும் பேசிக்கிட்டிருக்காங்க, எதிர்த்த கட்டடமும். சாக்கடைக் குழாய் அதே குழாய். துரைசாமி சப்வே அதே சப்வே. தெருவுக்கு மொத்தமா எத்தனை பேர் கூடுவாங்கன்னு யார் கணக்குப் போடறாங்க? 2008ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2026ஐ மனசுல வச்சு 1189 சதுர கிலோமீட்டருக்குப் போட்டது. 2022ல பெருநகர எல்லையை 5904 சதுர கிலோமீட்டரா விரிச்சுட்டாங்க. அடுத்த பிளான் 2046 வரைக்கும். அவ்வளவு பெரிய படத்துல எங்க முப்பதடித் தெரு ஒரு மயிரிழைகூட இல்லை.

இதுக்காக கட்டடமே உயரக்கூடாதுங்கிற கட்சி இல்லை நான். நடந்து போனா பத்து நிமிஷத்துல மாம்பலம் ஸ்டேஷன். இங்கே எட்டு குடும்பம் கூட வர்றது, ஊருக்கு வெளியே இன்னொரு ஏரிக்கரையில எட்டு வீடு முளைக்கிறதை விட நல்லது. ஆனா வீட்டைப் பெருக்கறவங்க குழாயையும் பெருக்கணுமில்லையா?

சரி, கையெழுத்து விஷயத்துக்கு வர்றேன். முன்னெல்லாம் ஆளாளுக்கு நிலத்துல பிரிபடாத பங்கு, அதாவது யூ.டி.எஸ்., இருக்கிறதால ஒருத்தர் முரண்டு பிடிச்சாலும் கட்டடத்தைத் தொட முடியாது. 2022ல நிறைவேறி 2024ல நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துல, மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சா போதும்னு வச்சிருக்காங்க. எங்களுக்கு எட்டு.

(நடுவுல ஒரு கிளைக்கதை. பன்னிரண்டு பத்திரத்தையும் எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். ஆளுக்கு 600 வரணும், எல்லாத்துலயும் 580தான் எழுதியிருக்கு. 240 சதுர அடி இன்னும் 1984ல கட்டினவர் பேர்லயே இருக்கு! அவர் காலமாகி வருஷக்கணக்காச்சு, வாரிசுகளைத் தேடிக்கிட்டிருக்கோம். பழைய அபார்ட்மெண்ட்ல இருக்கிற மகாஜனங்களே, இன்னிக்கே உங்க பத்திரத்தை எடுத்துக் கூட்டிப் பாருங்க.)

ஏழு கையெழுத்து மளமளன்னு விழுந்துடுச்சு. அதுல நாலு பேர் அந்தக் கட்டடத்துல குடியிருக்கிறதே இல்லை. அமெரிக்காவுல இருக்கிறவர்தான் முதல்ல "ஓகே"ன்னு கட்டைவிரல் காட்டினார். அந்த நாலு வீட்டுல வாடகைக்கு இருக்கிறவங்களை யாரும் கேட்கலை, கேட்கணும்னு யாருக்கும் தோணவும் இல்லை. எட்டாவது கையெழுத்து அம்மாவுது. "உனக்கு எது சரின்னு படுதோ சொல்லு, போடறேன்"னு என் தலையில கட்டிட்டாங்க.

தரைத்தளத்துல டீச்சர் மாமி இருக்காங்க. 81 வயசு, தனியா. எனக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவங்க. புது பிளானை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"என் வீடு எங்கேடா இதுல?"

கீழ்த்தளம் முழுக்க கார் பார்க்கிங். மாமியோட சமையலறையும் பூஜை அலமாரியும் இருந்த இடத்துல 5, 6ன்னு நம்பர் போட்டிருந்தது.

"உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஃப்ளோர் மாமி. லிஃப்ட் இருக்கு. பார்க்கிங்கும் ஒண்ணு உங்க பேர்ல வரும்."

"காரை வச்சுண்டு நான் என்னடா பண்ணப் போறேன்?" சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கலை. "ரெண்டரை வருஷம்ங்கறான். எனக்கு ரெண்டரை வருஷம் இருக்கான்னு அவனைக் கேட்டு சொல்லு. நான் கையெழுத்துப் போடலை. நீ அம்மாவைப் போடச் சொன்னா கோச்சுக்க மாட்டேன், அவ தலையில காரை விழறதை நானும் பார்த்தேனே. ஆனா அதுக்கு முன்னாடி நான் எங்கே போய் இருக்கறதுன்னு நீயே பார்த்துக் கொடு."

வெளியில வந்தா இஸ்திரிக்காரர் கரி ஊதிக்கிட்டிருந்தார். அவர் முன்னாடி சைதாப்பேட்டையில ஆத்தங்கரையில இருந்தவர். 2015 வெள்ளத்துக்கப்புறம் பெரும்பாக்கத்துல வீடு கொடுத்து அனுப்பிச்சாங்க. முதல் பஸ் பிடிச்சு இங்கே வந்து வண்டியைத் திறக்கிறார். "உங்களுக்காவது கையெழுத்துன்னு ஒண்ணு கேட்கறாங்க சார்"னார். வேப்பமரம் புது பிளான்ல இல்லைங்கிறதை அவர்கிட்ட நான் இன்னும் சொல்லலை.

பில்டர்கிட்ட பேசினேன். மாமிக்கு முதல் மாடிதான்னு ஒப்பந்தத்துல எழுத ஒத்துக்கிட்டார். வாடகை வீடு பார்த்துக் கொடுக்கச் சொன்னதுக்கு, "அமௌண்ட் கரெக்டா வந்துடும் சார், வீடு பார்க்கறது எங்க வேலையில்லை"ன்னுட்டார். அவர் சொல்றதும் நியாயம்தான். மூணு வாரமா நானே அலையறேன். வாடகை ஒத்துவந்தா படிக்கட்டு. படிக்கட்டு இல்லாம இருந்தா, "தனியா இருக்கிற வயசானவங்களா, யோசிச்சு சொல்றோம் சார்." அந்த யோசனை இதுவரைக்கும் யாருக்கும் முடியலை.

அம்மா இப்ப ஹால்லயேதான் படுக்கிறாங்க. ஒப்பந்தக் காகிதம் என் ஆபீஸ் பையில கிடக்கு. அயோத்யா மண்டபத்துக்குப் பக்கத்துல ஒரு கீழ் போர்ஷன் காலியாகுதாம், வர்ற ஞாயித்துக்கிழமை மாமியைக் கூட்டிக்கிட்டுப் போறேன். ஆட்டோ சொல்லிவைக்கிறது இஸ்திரிக்காரர் பொறுப்பு. அது தகையலைன்னா, மேற்கு மாம்பலம், அசோக் நகர் பக்கம் கீழ் வீடு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க மக்களே. தண்ணி நிக்காத தெருவா இருந்தா நல்லது.